போடியில் உட்கார்ந்து மலை சர்வர்களைப் பார்க்க: வெப்மினை ஐஃபிரேமுக்குள் வைக்கும் முறை

ஆபீஸ் போடியிலோ கம்பத்திலோ இருக்கும். ஏலக்காய் ஸ்டோர்கள் மேலே பூப்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று பிரிந்து கிடக்கும். எடை பில், டிரையர் வெப்பநிலைப் பதிவு, கேமரா ரெக்கார்டிங் எல்லாம் ஸ்டோருக்கு ஒன்றாக வைத்த சின்ன லினக்ஸ் சர்வரில் ஓடும். அவற்றைக் கவனிக்க, லினக்ஸ் சர்வரை பிரவுசர் வழியாக நிர்வகிக்கும் வெப்மின் மென்பொருளைப் போட்டிருப்பார்கள். ஆளுக்கு நாலு முகவரி, நாலு பாஸ்வேர்டு, நாலு "பாதுகாப்பற்ற இணைப்பு" எச்சரிக்கை. புற்றடி ஏலத்துக்கோ போடி ஏலத்துக்கோ சரக்கு இறங்கும் நாளில் எந்த சர்வர் படுத்தது என்று தேட யாருக்கும் நேரம் இருக்காது. எல்லா சர்வரும் ஒரே பக்கத்தில், பட்டனை அழுத்தினால் கீழே திறக்கும்படி வேண்டும் என்ற தேவை இங்கிருந்துதான் வருகிறது.

ஒரு வலைப்பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் ஐஃபிரேம் ஒரு வரி வேலைதான். ஆனால் அந்த ஒரு வரியைப் போட்டதும் வெள்ளைப் பக்கம் வரும். உடனே இணையத்தில் தேடி, பாதுகாப்பு ஹெடர்களை (பக்கத்தோடு சர்வர் பிரவுசருக்கு அனுப்பும் குறிப்பு வரிகளை) ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடுவார்கள். பக்கம் வந்துவிடும், கூடவே ரூட் (சர்வரின் முழு) அதிகாரமுள்ள ஒரு திரை எந்தத் தளமும் தன் பக்கத்துக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும் நிலைக்கும் வந்துவிடும். காவலைக் கழற்றிப் போடாமல் இதைச் செய்யலாம். பெயர்களைச் சரியாக அமைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்பு வரிகளையும் இங்கே உச்சரிக்கும்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கோப்பில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்து பெரிய எழுத்து பார்த்து அடியுங்கள்.

வெள்ளைப் பக்கம் ஏன் வருகிறது

வெப்மின் தன் ஒவ்வொரு பக்கத்தோடும் "எக்ஸ்-ஃபிரேம்-ஆப்ஷன்ஸ்: சேம்ஒரிஜின்" என்று ஒரு ஹெடர் அனுப்புகிறது. "என்னைப் போன்ற அதே ஒரிஜினில் இருக்கும் பக்கம் மட்டும்தான் என்னை ஃபிரேமுக்குள் வைக்கலாம்" என்று பிரவுசருக்கு அது சொல்கிறது. ஒரிஜின் என்றால் மூன்று பொருள் சேர்ந்தது: எச்டிடிபி அல்லது எச்டிடிபிஎஸ், ஹோஸ்ட் பெயர், போர்ட் எண். மூன்றில் ஒன்று மாறினாலும் வேறு ஒரிஜின். உங்கள் முகப்புப் பக்கம் 443-லும் வெப்மின் 10000-லும் இருந்தால், இரண்டும் ஒரே பெட்டியில் ஓடினாலும் பிரவுசருக்கு அவை அந்நியர்கள்.

இந்தக் கட்டுப்பாடு சும்மா வந்ததல்ல. கண்ணுக்குத் தெரியாத ஐஃபிரேமை ஒரு பொய்ப் பட்டனுக்கு மேல் பரப்பி, பயனரின் கிளிக்கைத் திருடும் கிளிக்ஜாக்கிங் 2008-ல் பெரிதாகப் பேசப்பட்டது. மறு வருடமே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 இந்த ஹெடரைக் கொண்டுவந்தது, மற்ற பிரவுசர்களும் பின்தொடர்ந்தன. வெப்மின் திரையில் "ரீபூட்" என்றொரு பட்டன் இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால் இது ஏன் தேவை என்பது தானே விளங்கும்.

இங்கே பலர் வழி தவறுவது குரோம் காட்டும் செய்தியால். ஐஃபிரேம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் பெட்டி, வாடிய முகம், "இணைக்க மறுத்தது" என்ற வாசகம். படித்தவுடன் ஃபயர்வாலைத் தோண்ட ஆரம்பிப்பார்கள். போர்ட் திறந்துதான் இருக்கும், மறுத்தது பிரவுசர். எஃப்12 அழுத்தி கன்சோலைப் பாருங்கள். எக்ஸ்-ஃபிரேம்-ஆப்ஷன்ஸ் அல்லது ஃபிரேம்-ஆன்செஸ்டர்ஸ் (இதே வேலையைச் செய்யும் புதிய விதி) என்ற சொல் சிவப்பு வரியில் இருந்தால் ஹெடர் பிரச்சினை. இல்லையென்றால்தான் நெட்வொர்க் பக்கம் போக வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் நேர்மையாகவே "இன்னொரு தளம் இதை உள்ளே வைத்திருப்பதால் காட்ட மாட்டேன்" என்று சொல்லிவிடும். சோதனைக்கு அதை வைத்துக்கொள்வது நல்லது. டெர்மினலில் "கர்ல் -எஸ்கேஐ" என்று அடித்து முகவரி கொடுத்தால் வரும் ஹெடர்கள் எல்லாம் தெரியும்.

ஒரே ஹோஸ்ட்டா, தனித்தனி துணைப்பெயரா

இரண்டு வழி உண்டு. முதல் வழியில், ஒரே ஹோஸ்ட்டுக்குக் கீழே /பூப்பாறை/, /வண்டன்மேடு/ என்று பாதைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ரிவர்ஸ் பிராக்ஸி (கோரிக்கையை வாங்கி உள்ளே இருக்கும் சர்வருக்குக் கடத்தும் இடையாள், இங்கே என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள்) வழியாக அந்தந்த சர்வருக்கு அனுப்புவது. எல்லாம் ஒரே ஒரிஜின் என்பதால் சேம்ஒரிஜின் ஹெடர் தடுக்காது. எளிதாகத் தெரியும். ஆனாலும் இதைப் பரிந்துரைக்க முடியாது, இரண்டு காரணம்.

ஒன்று, குக்கீ. வெப்மின் லாகின் செய்ததும் "சிட்" என்ற பெயரில் குக்கீ வைக்கிறது. நாலு வெப்மினும் ஒரே ஹோஸ்ட்டில் வேர்ப்பாதையிலேயே அதே பெயரில் குக்கீ வைத்தால், வண்டன்மேட்டில் நுழைந்ததும் பூப்பாறை வெளியே தள்ளிவிடும். போர்ட் மாற்றினாலும் தீராது: ஒரிஜின் கணக்கில் போர்ட் உண்டு, குக்கீ கணக்கில் போர்ட் கிடையாது. இது தெரியாமல் "செஷன் அடிக்கடி அறுகிறது" என்று லைனைக் குறை சொல்பவர்கள் நிறைய.

இரண்டாவது காரணம் கனமானது. ஒரே ஒரிஜின் என்றால் முகப்புப் பக்கத்தின் ஸ்கிரிப்ட் ஐஃபிரேமுக்குள் கைவிட்டுப் படிக்கலாம், பட்டன் அழுத்தலாம். முகப்பில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தால், அது எல்லா சர்வரிலும் ரூட் அதிகாரம் கொடுத்ததற்குச் சமம்.

ஆகவே இரண்டாம் வழி: ஒரே டொமைன், தனித்தனி துணைப்பெயர். முகப்புக்கு வாசல்.உங்கள்டொமைன், சர்வர்களுக்கு பூப்பாறை.உங்கள்டொமைன், நெடுங்கண்டம்.உங்கள்டொமைன், வண்டன்மேடு.உங்கள்டொமைன். இவை வேறு வேறு ஒரிஜின், எனவே ஒன்றின் உள்ளே மற்றொன்று கைவிட முடியாது. அதே சமயம் பிரவுசர் கணக்கில் ஒரே "சைட்", எனவே குக்கீ தடையின்றிப் போகும். 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80 முதல், சேம்சைட் என்று எதுவும் குறிக்காத குக்கீயை குரோம் "லாக்ஸ்" என்றே எடுத்துக்கொள்கிறது. வேறு சைட்டின் ஐஃபிரேமுக்குள் அது அனுப்பப்படாது. சஃபாரி அதே வருடம் மார்ச் முதல் மூன்றாம் தரப்புக் குக்கீயை முழுவதுமாகத் தடுக்கிறது. ஒரே டொமைனின் துணைப்பெயர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

இதில் இரண்டு பொறி. வெறும் ஐபி எண்களைப் பயன்படுத்தினால் 10.20.0.1-ம் 10.20.0.11-ம் வேறு வேறு சைட்தான். அடுத்தது, டக்டிஎன்எஸ் போன்ற இலவசப் பெயர்ச் சேவைகள் பொதுப் பின்னொட்டுப் பட்டியலில் இருக்கின்றன. அதில் முகப்புக்கு ஒரு பெயர், சர்வருக்கு ஒரு பெயர் என்று தனித்தனியாகப் பதிந்தால் அவையும் அந்நியர்களே. சொந்தமாக ஒரு டொமைன் வாங்கிவிடுங்கள்.

மலைக்கும் ஆபீஸுக்கும் நடுவில் வயர்கார்டு

வெப்மினின் 10000 போர்ட்டை இணையத்துக்கு நேராகத் திறக்கவே கூடாது. வயர்கார்டு என்ற விபிஎன் அமைக்கும் மறைகுறியாக்கிய சுரங்கம் வழியாகத்தான் அதைத் தொட வேண்டும். 2019 ஆகஸ்டில் வெளிவந்த விவகாரம் போதும்: வெப்மின் 1.890 முதல் 1.920 வரையிலான பதிப்புகளில் யாரோ நுழைத்திருந்த பின்வாசல் வழியாக, பாஸ்வேர்டே இல்லாமல் ரூட் கட்டளை ஓட்ட முடிந்தது. 1.930-ல்தான் அது அடைக்கப்பட்டது. சுரங்கத்துக்குள் வைத்திருந்தவர்கள் நிதானமாக அப்டேட் செய்தார்கள்.

மேலே பெரும்பாலும் மொபைல் சிம் நெட்தான், நிலையான பொது ஐபி கிடைக்காது. அதனால் அழைப்பு எப்போதும் மலையில் இருந்து கீழே வர வேண்டும். ஆபீஸில் நிலையான ஐபி இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் மாத வாடகைக்கு ஒரு சின்ன விபிஎஸ் (இணையத்தில் இருக்கும் மெய்நிகர் சர்வர்) எடுத்து அதில், வயர்கார்டு மையத்தை வையுங்கள். யூடிபி 51820 ஒன்றை மட்டும் திறந்தால் போதும். மையத்துக்கு 10.20.0.1, பூப்பாறைக்கு 10.20.0.11, நெடுங்கண்டத்துக்கு 12, வண்டன்மேட்டுக்கு 13 என்று எண் கொடுங்கள். மையத்தின் கோப்பில் ஒவ்வொரு பியருக்கும் (சுரங்கத்தில் சேரும் கணினிக்கும்) அலௌட்-ஐபிஸ் /32 ஆக, அதாவது ஒரே ஒரு முகவரியாக, இருக்கட்டும். இரண்டு பியருக்கு ஒரே எண்ணைக் கொடுத்தால் பிழை எதுவும் காட்டாது. கடைசியாக எழுதியவருக்கே போக்குவரத்து போகும், முதல் ஆள் ஊமையாகிவிடுவார்.

மலை சர்வரின் கோப்பில் பெர்சிஸ்டன்ட்-கீப்அலைவ் 25 என்று கட்டாயம் இடுங்கள். இல்லாவிட்டால் மொபைல் கம்பெனியின் நாட் (பலர் ஒரே பொது ஐபியைப் பகிரும் ஏற்பாடு) அட்டவணையில் இருந்து இணைப்பு உதிர்ந்துவிடும், கீழிருந்து மேலே பேச முடியாது. எல்லை மேட்டில் இருக்கும் ஸ்டோர்களில் சிம் ஒரு நேரம் கேரள டவரையும் ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரையும் பிடிக்கும், ஐபி மாறிக்கொண்டே இருக்கும். வயர்கார்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சரியான சாவியோடு பாக்கெட் வந்தால் புது முகவரியைத் தானே குறித்துக்கொள்ளும்.

கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். போர்டில் உள்ள சின்ன பேட்டரி செத்த மினி பிசி, கரண்ட் வந்ததும் பழைய தேதியோடு எழும். வயர்கார்டு கைகுலுக்கலில் நேரமுத்திரை உண்டு. முன்பு வந்ததைவிடப் பழைய முத்திரை வந்தால், யாரோ பழைய பாக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று மையம் ஒதுக்கிவிடும். எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு வராத மர்மம் பெரும்பாலும் இதுதான். பேட்டரியை மாற்றுங்கள், நேரம் சரிசெய்யும் என்டிபி சேவை சுரங்கத்துக்கு வெளியே நேராகப் போகும்படி விடுங்கள். அடுத்தது வெப்மினை 10.20.0.11 முகவரியில் மட்டும் கேட்கும்படி "பைண்ட்" செய்வது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பூட் ஆகும்போது சுரங்கம் எழும் முன் வெப்மின் எழுந்தால், அந்த முகவரியே இல்லாததால் விழுந்துவிடும். எல்லா முகவரியிலும் கேட்கவிட்டு, ஃபயர்வாலில் 10000-ஐ வயர்கார்டு இடைமுகத்துக்கு மட்டும் திறப்பதே உறுதியானது.

"டபிள்யூஜி ஷோ" கட்டளையில் கடைசிக் கைகுலுக்கல் இரண்டு, மூன்று நிமிடத்துக்குள் இருந்தால் சுரங்கம் உயிரோடு இருக்கிறது. பிங் போகிறது, லாகின் பக்கமும் வருகிறது, அதற்கப்புறம் பெரிய பக்கம் வராமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் பாக்கெட் அளவுதான் சந்தேகம். எம்டியுவை 1420-ல் இருந்து 1280-க்கு இரு முனையிலும் இறக்கிப் பாருங்கள்.

சான்றிதழ்

முகப்பு எச்டிடிபிஎஸ்ஸில் இருந்தால் ஐஃபிரேமும் எச்டிடிபிஎஸ் ஆகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரவுசர் ஏற்றாது. தானே கையெழுத்திட்ட சான்றிதழ் தனி டேபில் "பரவாயில்லை, தொடர்" என்று அழுத்தித் தப்பிக்கும். ஐஃபிரேமுக்குள் அந்தப் பட்டனை எதிர்பார்க்க முடியாது. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டில் டிஎன்எஸ் வழி சரிபார்ப்பில் முழு டொமைனுக்கும் ஒரு நட்சத்திரச் சான்றிதழ் எடுத்துவிடுங்கள். டிஎன்எஸ் வழி என்பதால் எந்த சர்வரும் இணையத்துக்குத் திறந்திருக்க வேண்டியதில்லை. அது 90 நாள்தான் செல்லும், தானியங்கிப் புதுப்பிப்பு ஓடியதும் என்ஜின்எக்ஸ் ரீலோட் ஆகும்படி கொக்கி போட்டுவையுங்கள். கோப்பு புதிதாகி என்ஜின்எக்ஸ் பழையதையே நினைவில் வைத்திருந்தால் 91-ஆம் நாள் எல்லா ஃபிரேமும் ஒன்றாக வெளுக்கும்.

துணைப்பெயர்கள் அத்தனையும் என்ஜின்எக்ஸ் ஓடும் பெட்டியின் உள்முகவரிக்கே போக வேண்டும். சில ரவுட்டர்கள் பொதுப் பெயர் உள்முகவரியைத் தந்தால், ரீபைண்டிங் தாக்குதல் என்று அந்தப் பதிலை விழுங்கிவிடும். பெயர் கிடைக்கவில்லை என்று வந்தால் ரவுட்டரில் உங்கள் டொமைனுக்கு விலக்குக் கொடுங்கள்.

வெப்மின் பக்கம் மாற்ற வேண்டியவை

ஒவ்வொரு மலை சர்வரிலும் /இடிசி/வெப்மின்/ அடைவில் இரண்டு கோப்பு. "மினிசெர்வ்.கான்ஃப்" கோப்பில் ரீடைரக்ட்_ஹோஸ்ட் என்பதற்கு அந்த சர்வரின் துணைப்பெயர், ரீடைரக்ட்_போர்ட் 443, ரீடைரக்ட்_எஸ்எஸ்எல் 1. இவை இல்லாவிட்டால் லாகின் செய்ததும் வெப்மின் உங்களை :10000 முகவரிக்கே திருப்பி அனுப்பும், ஃபிரேம் உடனே வெளுக்கும். "லாகின் பக்கம் வருகிறது, பாஸ்வேர்டு அடித்ததும் போய்விடுகிறது" என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அதே கோப்பில் டிரஸ்ட்_ரியல்_ஐபி 1. இது ஏன் என்றால், தப்பாகப் பாஸ்வேர்டு அடிப்பவரின் ஐபியை வெப்மின் சிறிது நேரம் தடை செய்யும். பிராக்ஸிக்குப் பின்னால் எல்லாரும் ஒரே ஐபி. ஒரு பையன் ஐந்து தடவை தப்பாக அடித்தால் முதலாளி உட்பட எல்லாருக்கும் கதவு சாத்தப்படும். உண்மையான ஐபியைப் பிராக்ஸி சொல்லி வெப்மின் நம்பினால் அந்தப் பையனுக்கு மட்டும் சாத்தும். பிராக்ஸி தவிர வேறு யாரும் 10000-ஐத் தொட முடியாது என்று ஃபயர்வால் உறுதி செய்த பிறகே இதைப் போடுங்கள், இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் போலி ஐபி சொல்லிக்கொள்ளலாம்.

"கான்ஃபிக்" என்ற இரண்டாம் கோப்பில் ரெஃபரர்ஸ் வரி. (ஆங்கிலத்தில் இதை ஒற்றை "ஆர்" எழுத்தோடு எழுத வேண்டும், இரட்டையாக அடித்தால் வெப்மின் கண்டுகொள்ளாது.) வேறு இடத்தில் இருந்து இணைப்பு மூலம் வரும் கோரிக்கையை வெப்மின் சந்தேகிக்கும், ஒரு மாட்யூலுக்கு நேராக ஐஃபிரேம் போட்டால், பக்கத்துக்குப் பதிலாக "வெப்மின் சர்வருக்கு வெளியே உள்ள முகவரியில் இருந்து வந்திருக்கிறது" என்ற பாதுகாப்பு எச்சரிக்கை வரும். முகப்பின் பெயரையும் அந்த சர்வரின் துணைப்பெயரையும் இடைவெளி விட்டு அந்த வரியில் எழுதுங்கள். வெப்மின் திரையிலேயே டிரஸ்டட் ரெஃபரர்ஸ் பக்கத்திலும் சேர்க்கலாம். எல்லா ரெஃபரரையும் நம்பு என்று சோதனையையே அணைப்பது வேண்டாம்.

அந்தக் கோப்பில் நோ_ஃபிரேம்_ஆப்ஷன்ஸ் 1 என்று போட்டால் தடுக்கும் ஹெடரே போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போகும்தான். ஆனால் அந்த இடத்தில் வேறு காவல் எதுவும் இருக்காது. ஹெடரை வெப்மினில் அப்படியே விட்டுவிட்டு, பிராக்ஸியில் அதைவிடத் துல்லியமானதாக மாற்றுவோம். கடைசியாக வெப்மினை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

என்ஜின்எக்ஸ்

சர்வருக்கு ஒரு செர்வர் பிளாக். லிசன் 443 எஸ்எஸ்எல், செர்வர்_நேமில் துணைப்பெயர், சான்றிதழ் வரிகள் இரண்டு. லொகேஷன் / என்பதற்குள் பிராக்ஸி_பாஸ் எச்டிடிபிஎஸ்://10.20.0.11:10000. வெப்மினின் சொந்தக் கையெழுத்துச் சான்றிதழை என்ஜின்எக்ஸ் இயல்பாகச் சோதிப்பதில்லை, எனவே அது இங்கே தடையல்ல. வழி முழுக்க வயர்கார்டுக்குள் இருக்கிறது.

பிராக்ஸி_செட்_ஹெடர் வரிகளில் ஹோஸ்ட், எக்ஸ்-ரியல்-ஐபி, எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் மூன்றும் வேண்டும். ஹோஸ்ட்டை விட்டுவிட்டால் வெப்மினுக்கு 10.20.0.11 என்றே பெயர் போகும், ரெஃபரர் சோதனை உங்கள் சொந்தப் பட்டன்களையே வெளியாள் என்று நிறுத்தும். வெப்மின் டெர்மினல் வெப்சாக்கெட்டில் (இரு பக்கமும் விடாமல் பேசும் இணைப்பில்) ஓடுவது, அதற்கு பிராக்ஸி_எச்டிடிபி_வெர்ஷன் 1.1, அப்கிரேட், கனெக்‌ஷன் ஹெடர்கள் வேண்டும். இவை இல்லையென்றால் மற்ற எல்லாம் வேலை செய்யும், டெர்மினல் மட்டும் கருப்பாகவே நிற்கும்.

பிராக்ஸி_ரீட்_டைம்அவுட் இயல்பில் 60 நொடி. மலையில் ஒரு பேக்கேஜ் அப்டேட் 60 நொடி மௌனமாக இருப்பது சாதாரணம். நடுவில் 504 வரும், அப்டேட் பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும், பயனர் பயந்து மறுபடி அழுத்துவார். 900 நொடி வையுங்கள். பிராக்ஸி_பஃபரிங்கை அணைத்தால் அப்டேட் வரிகள் வர வர ஃபிரேமில் தெரியும், அந்தப் பயமும் இருக்காது. கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் இயல்பில் 1 எம்பி. ஃபைல் மேனேஜரில் பில் பேக்கப்பை ஏற்றும்போது 413 வந்தால் இதைக் கூட்டுங்கள்.

இப்போது முக்கியமான இரண்டு வரி. பிராக்ஸி_ஹைடு_ஹெடர் எக்ஸ்-ஃபிரேம்-ஆப்ஷன்ஸ் என்பது வெப்மினின் பழைய ஹெடரை வழியில் மறைக்கிறது. அடுத்து ஆட்_ஹெடர் கன்டென்ட்-செக்யூரிட்டி-பாலிசி, மதிப்பாக ஃபிரேம்-ஆன்செஸ்டர்ஸ் எச்டிடிபிஎஸ்://வாசல்.உங்கள்டொமைன், கடைசியில் "ஆல்வேஸ்". முகப்பு ஒன்றுக்கு மட்டும் அனுமதி, உலகத்தில் வேறு யாருக்கும் இல்லை. இந்த விதி நேர் மேலே உள்ள பக்கத்தை மட்டும் பார்ப்பதில்லை, அடுக்கு அடுக்காக உச்சி வரை எல்லாப் பக்கத்தையும் சரிபார்க்கிறது. எவனாவது உங்கள் முகப்பையே தன் பக்கத்துக்குள் வைத்தாலும் உள்ளே இருக்கும் வெப்மின் திறக்காது.

"ஆல்வேஸ்" சொல்லை விடாதீர்கள். அது இல்லாவிட்டால் 200, 302 போன்ற சில பதில்களுக்கு மட்டும்தான் ஹெடர் ஒட்டும், 4-ல், 5-ல் தொடங்கும் பிழைப் பக்கங்கள் காவலின்றிப் போகும். இன்னொரு பொறி, லொகேஷனுக்குள் ஒரு ஆட்_ஹெடர் எழுதினால் மேலே செர்வர் பிளாக்கில் எழுதிய ஆட்_ஹெடர்கள் அத்தனையும் அங்கே செல்லாதவை ஆகிவிடும். எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் எழுதுங்கள். பழைய கட்டுரைகளில் வரும் அலௌ-ஃப்ரம் என்பதை நம்ப வேண்டாம். குரோம் அதை எப்போதுமே ஏற்றதில்லை, ஃபயர்ஃபாக்ஸ் 2019-ல் 70-ஆம் பதிப்போடு கைவிட்டுவிட்டது. ஃபிரேம்-ஆன்செஸ்டர்ஸை எச்டிஎம்எல் மெட்டா டேகில் எழுதினாலும் பிரவுசர் மதிக்காது, ஹெடராகத்தான் வர வேண்டும்.

ஆபீஸ் நெட்வொர்க்குக்கு அலௌ, மற்றவர்க்கு டெனை ஆல் என்று வரம்பும் கட்டுங்கள். ஆனால் இன்னும் ஒரு பூட்டு என்று என்ஜின்எக்ஸில் பேசிக் ஆத் பாஸ்வேர்டு போடாதீர்கள். அந்தப் பெயரும் பாஸ்வேர்டும் ஆத்தரைசேஷன் ஹெடராக வெப்மினுக்கும் போய்ச் சேரும், அமைப்பைப் பொறுத்து வெப்மின் அதைத் தன் லாகின் என்று எடுத்துக்கொண்டு மறுக்கலாம்.

"என்ஜின்எக்ஸ் -டி" சரி என்று சொன்ன பிறகே ரீலோட்.

முகப்புப் பக்கம்

வெறும் எச்டிஎம்எல் கோப்பு ஒன்று போதும். பட்டன்களில் ஸ்டோர் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிவிடுங்கள். மேலே வேலை பார்க்கும் பாதிப் பேருக்கு அதுவே வசதி. ஏலக்காய் விலை ஓடும் விட்ஜெட், வானிலைப் பெட்டி, சாட் பட்டன் எதுவும் இந்தப் பக்கத்தில் வேண்டாம். வெப்மினை ஃபிரேமுக்குள் வைக்க அனுமதி பெற்ற ஒரே பக்கம் இது. வெளியாளின் ஸ்கிரிப்ட் இங்கே ஓடினால் அவனால் வெப்மினுக்குள் படிக்க முடியாது என்றாலும், அதன் மேல் பொய் லாகின் பெட்டியை விரிக்க முடியும். முகப்புக்கான ஹெடரில் டிஃபால்ட்-சோர்ஸ் செல்ஃப், ஃபிரேம்-சோர்ஸில் உங்கள் துணைப்பெயர்கள், ஃபிரேம்-ஆன்செஸ்டர்ஸ் நன் என்று கட்டிவையுங்கள். செல்ஃப், நன் இரண்டையும் ஒற்றை மேற்கோளுக்குள் எழுத வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டில் எச்டிஎம்எல்லுக்குள்ளேயே எழுதிய ஸ்கிரிப்டும் ஸ்டைலும் ஓடாது, இரண்டையும் தனிக் கோப்பாக வையுங்கள்.

நாலு ஐஃபிரேமையும் ஒன்றாக ஏற்றாதீர்கள். திறந்த ஒவ்வொரு வெப்மின் டாஷ்போர்டும் நிலவரம் கேட்டு விடாமல் பேசிக்கொண்டிருக்கும், மலை சிம்மின் டேட்டா அதற்கே போகும். பட்டனை அழுத்தும்போது பழைய ஐஃபிரேம் உறுப்பை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்குங்கள். இருக்கும் ஐஃபிரேமின் முகவரியை மட்டும் மாற்றினால் ஒவ்வொரு மாற்றமும் பிரவுசர் வரலாற்றில் ஏறும், பின்செல்லும் பட்டன் தாறுமாறாக நடக்கும்.

சேண்ட்பாக்ஸ் பண்பில் அலௌ-ஸ்கிரிப்ட்ஸ், அலௌ-சேம்-ஒரிஜின், அலௌ-ஃபார்ம்ஸ், அலௌ-மோடல்ஸ், அலௌ-பாப்அப்ஸ், அலௌ-டவுன்லோட்ஸ் வேண்டும். அலௌ-சேம்-ஒரிஜின் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பக்கம் பெயரற்ற ஒரிஜின் ஆகிவிடும், குக்கீ நிற்காது, லாகின் நடக்காது. அலௌ-டாப்-நேவிகேஷன் மட்டும் கொடுக்காதீர்கள். சில லாகின் பக்கங்கள் தாங்கள் ஃபிரேமுக்குள் இருப்பதைக் கண்டால் முழு டேபையும் பிடித்துக்கொள்ளப் பார்க்கும், இந்த அனுமதி இல்லாததே அதைத் தடுக்கும். ரெஃபரர்பாலிசியை நோ-ரெஃபரர் என்று வைத்தால் மேலே செய்த ரெஃபரர்ஸ் வேலை வீண். இயல்பு மதிப்பே சரி. டெர்மினலில் ஒட்டுவதற்கு அலௌ பண்பில் கிளிப்போர்டு-ரீட், கிளிப்போர்டு-ரைட் சேருங்கள். உயரத்தை 100 சதவீதம் என்று கொடுத்தால், பெற்றோர் உறுப்புக்கு உயரம் இல்லாதபோது பெட்டி 150 பிக்சலில் சுருங்கும். 100 டிவிஎச் அளவில் இருந்து பட்டன் பட்டையின் உயரத்தைக் கழித்துக் கொடுங்கள்.

டெர்மினலில் தட்டுவதற்கு முன் ஃபிரேமுக்குள் ஒரு முறை கிளிக் செய்யச் சொல்லிக்கொடுங்கள், இல்லாவிட்டால் எழுத்து போகாது. கன்ட்ரோல்-டபிள்யூ அங்கே சொல்லை அழிக்காது, முழு டேபையும் மூடிவிடும்.

இன்னும் வேலை செய்யவில்லை என்றால்

"நோ குக்கீஸ்" என்று வெப்மின் சொன்னால் முகப்பும் சர்வரும் ஒரே சைட் இல்லை, அல்லது யாரோ முகப்பை ஐபி எண் போட்டுத் திறந்திருக்கிறார்கள். 502 வந்தால் என்ஜின்எக்ஸால் மலையைத் தொட முடியவில்லை: முதலில் வயர்கார்டு கைகுலுக்கல், பிறகு அங்கே வெப்மின் ஓடுகிறதா. எல்லா சர்வரும் ஒன்றாக விழுந்தால் மையம் அல்லது சான்றிதழ், ஒன்று மட்டும் விழுந்தால் அந்த ஸ்டோரின் கரண்ட் அல்லது சிம் ரீசார்ஜ். கேச் அழிக்காமல் ஹெடர் மாற்றத்தைச் சோதிக்காதீர்கள், மறைநிலை விண்டோவில் பாருங்கள்.

யாருக்கு எந்த லாகின் என்பதையும் இந்த வேலையோடு முடித்துவிடுங்கள். ஆபீஸ் கணக்குப்பிள்ளைக்கு ரூட் தேவையில்லை. வெப்மின் யூசர்ஸ் பகுதியில் தனிப் பயனர் உருவாக்கி, சேவைகளை ரீஸ்டார்ட் செய்வது, டிஸ்க் அளவு பார்ப்பது போன்ற மாட்யூல்களை மட்டும் கொடுங்கள். டெர்மினல், ஃபைல் மேனேஜர், கட்டளை ஓட்டும் மாட்யூல் மூன்றையும் எடுத்துவிடுங்கள். ரூட் வைத்திருப்பவருக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

வெப்மினுக்குப் பதில் காக்பிட் வைத்திருந்தால் போர்ட் 9090. /இடிசி/காக்பிட்/காக்பிட்.கான்ஃப் கோப்பில் வெப்சர்வீஸ் பகுதியில் ஒரிஜின்ஸ் வரியில் அந்த சர்வரின் துணைப்பெயர் முகவரியை எச்டிடிபிஎஸ்ஸோடு எழுத வேண்டும், புரோட்டோகால்-ஹெடர் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ என்று வைத்து அந்த ஹெடரை என்ஜின்எக்ஸில் அனுப்ப வேண்டும். காக்பிட் முழுக்க வெப்சாக்கெட்டில் ஓடுவதால் அப்கிரேட் ஹெடர் விட்டுப்போனால் டெர்மினல் மட்டுமல்ல, எதுவுமே வராது. டிரையர் வெப்பநிலை வரைபடம் மட்டும் பார்க்க வேண்டும் என்பவருக்கு நிர்வாகத் திரையே தேவையில்லை. வரைபடம் காட்டும் கிராஃபானா மென்பொருளில் செக்யூரிட்டி பகுதியில் அலௌ_எம்பெடிங் ட்ரூ என்று வைத்து, அதன் மேலும் அதே ஃபிரேம்-ஆன்செஸ்டர்ஸ் வரியைப் போட்டு, பார்வை மட்டும் உள்ள கணக்கைக் கொடுங்கள்.

என்ஜின்எக்ஸ் பெட்டியே விழுந்தால் முகப்பும் போகும், ஃபிரேம்களும் போகும். வயர்கார்டு மையமும் அதே பெட்டியில் இருந்தால் மலைக்கான வழியும் அடைபடும். அதற்காக ஒவ்வொரு மலை சர்வரிலும் எஸ்எஸ்எச் சாவி லாகின் தயாராக இருக்கட்டும், வேறொரு இடத்தில் உள்ள கணினியை இரண்டாவது வயர்கார்டு பியராகச் சேர்த்து வையுங்கள். சாவிகளின் நகல், என்ஜின்எக்ஸ் கோப்புகள், வெப்மினின் இரண்டு கோப்புகள் ஆகியவற்றை ஆபீஸுக்கு வெளியே ஒரு பென்டிரைவில் பூட்டி வைத்தால், புதுப் பெட்டியில் இதையெல்லாம் திரும்ப எழுப்ப ஒரு மாலைப் பொழுது போதும்.